கல்லு வச்ச துப்பாக்கி

அக்கா வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்குத் துப்பாக்கி எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் அக்காவிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

"துரை வீசிட்டுப் போனது. குப்பைக்குப் போக வேண்டியத எங்க வீட்டுக்காரரு தோள்ல தூக்கிட்டு வந்தாரு."

இதை அத்தான் காதுபடவே சொல்வாள். அத்தான் சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை பெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர் அவர். குள்ளமான மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அக்கா என் அக்கா என்பதால் சொல்கிறேன், அவளுக்கு எதிரில் வேறு யாராக இருந்தாலும் அதிர்ந்து பேசியிருக்க முடியாது.

அந்தத் துரை வெள்ளைக்காரர் இல்லை. கொழும்பிலிருந்து வந்த பறங்கித் துரை, ஒல்லாந்தர் வழிவந்த கலப்பினத்தவர். பங்களா கராஜில் லேத் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் எதையாவது கடைந்துகொண்டே இருப்பாராம். கையாளுக்கு அத்தானைக் கூப்பிட்டுக்கொள்வார். அரசாங்கத்தில் அனுமதி வாங்கி, பழைய காலத்து மாதிரியில் அவர் தன் கையால் சில துப்பாக்கிகள் செய்தார். குழல் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைத் தள்ளி, சுத்தியல் மாதிரி இருக்கும் குதிரையின் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல்லை வைத்து, அந்தப் பொறியில் சுடும் துப்பாக்கி. வேட்டைக்கு இல்லை. பங்களாவுக்குப் பின்னால் பள்ளத்தில் கடதாசியில் வட்டம் போட்டு ஒட்டி அதைத்தான் சுடுவார். கடதாசியைச் சுடுவதற்கு இத்தனை பாடா என்று தோட்டமே சிரித்தது.

பிறகு துரை ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். போகும்போது பங்களாவில் இருந்ததைப் பிரித்துக் கொடுத்தார். டிரைவருக்கு மோட்டார் சைக்கிள். சமையல்காரர் சம்சாரத்துக்குத் துரைசானியின் தையல் மெஷின். அத்தானுக்கு ஒரு துப்பாக்கி. பன்றி விரட்ட என்று எழுதி அதற்கு லைசன் எடுத்துக் கொடுத்ததும் துரைதான். அக்கா அந்தத் தையல் மெஷினை எப்படியும் நமக்குத்தான் தருவார்கள் என்று நம்பி, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பதாக வாக்குக்கூடக் கொடுத்து வைத்திருந்தாள். அந்த ஏமாற்றம் அவளுக்கு இன்று வரைக்கும் ஆறவில்லை.

பிரச்சினைக் காலத்தில் தமிழன் வீட்டுத் துப்பாக்கி சும்மா இருக்குமா? பொலிஸில் ஒப்படைத்தார்கள். அத்தான் போய்ப் போய்க் கேட்ட கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொன்னார். ஊர் அமைதியான பிறகு அதை வாங்கி வந்தார். அன்றைக்கும் அக்கா வாசலில் நின்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அக்காவைப் பொறுத்தவரை அது வெறும் இரும்பும் மரமும் இல்லை. தன் புருஷனைத் துரை எவ்வளவு மட்டமாக நினைத்திருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. அதைப் புரிந்துகொள்ளக்கூடத் தெரியாத அப்பாவியைக் கட்டிக்கொண்டோமே என்பதுதான் அவளுக்குள் இருந்த முள். அத்தானோ அதை மாதம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒரு நாளும் சுட்டதில்லை. மருந்து ஏது?

அத்தான் போன வருடம் காலமானார். துப்பாக்கி அலுமாரிக்குள் துணி சுற்றியபடி கிடந்தது. லைசன் அவர் பெயரில் இருந்தது, ஆள் இல்லை. இதைப் பற்றி விசாரிக்க வேண்டிய பொறுப்பு, பதுளை டவுனில் ஒரு ஃபார்மசியில் வேலை பார்க்கும் என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் துப்பாக்கியைப் பற்றி வேறு எனக்கு நெடுநாள் சந்தேகம் ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து தன் கையால் ஒன்றைச் செய்தவன் அதை வீசுவானா? அக்காவிடம் கேட்டால் கடித்துக் குதறிவிடுவாள் என்று கேட்டதில்லை.

பொலிஸ் ஸ்டேஷனில் இருந்த ஐயா தன்மையானவர். என்ன துப்பாக்கி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், கல் வைத்துச் சுடுவதாயிற்றே என்று, "கல் துவக்குவ" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கல்கட்டஸ்?"

கல்கட்டஸ் என்றால் காட்டுக்குள் களவாகச் செய்கிற கட்டுத் துப்பாக்கி. வைத்திருந்தால் நேரே உள்ளேதான். நான் பதறிப்போய் லைசனை எடுத்து நீட்ட, அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு விஷயத்தைச் சொன்னார். லைசன்காரர் இறந்துவிட்டதால் வீட்டில் வைத்திருக்க முடியாது. அனுமதி உள்ள ஒருவருக்கு ஸ்டேஷன் மூலமாக விற்கலாம். இல்லாவிட்டால் ஒப்படைத்துவிட வேண்டியதுதான், ஒப்படைப்பதை அழித்துவிடுவார்கள். இந்த மாதம் முடிவதற்குள் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள் என்றார்.

அக்காவிடம் வந்து சொன்னேன்.

"குடுத்துரு. உருக்கட்டும். உருக்கி ஒரு தையல் மெஷின் செஞ்சு தரச் சொல்லு."

"வித்துப் பாப்போம் அக்கா. வாங்க வாரவன் என்னதான் சொல்றான்னு பாக்க வேணாமா?"

"என்னத்த சொல்லுவான்? ஓட்டைன்னு சொல்லுவான். அத வேற நான் கேக்கணும்."

அவள் பயம் அதுதான். வெளியாள் ஒருவன் வந்து, இது ஒன்றுக்கும் உதவாத சாமான், உங்கள் ஆளைத் துரை நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால்? அவள் சொல்வது வேறு, இன்னொருத்தன் சொல்வது வேறு. எனக்கு அது புரிந்தாலும், தெரிந்துகொள்ளும் ஆசை அதை விடப் பெரிதாக இருந்தது. ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

ஃபார்மசிக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் முதலில் சொன்னேன். அவருக்குத் தெரியாத ஆள் ஊவா மாகாணத்திலேயே இல்லை. கடையில் கூட்டமாக இருந்தது. துப்பாக்கி என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்லலாமா? அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"நானா, எங்க அக்கா வீட்டுல ஒரு சாமான் இருக்கு. துரை கையால செஞ்ச துப்பாக்கி. கல்லு வச்சது. ஒரு ஆள் பாத்துத் தாங்க."

"கல்லா?" அவர் குரலும் தாழ்ந்துவிட்டது. "எப்படிப்பட்ட கல்லு மக?"

"பழைய கல்லு நானா. தேன் கலர்ல இருக்கும். வெளிநாட்டுலருந்து வரவழைச்சதாம்."

நான் இதில் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது குரலைத் தாழ்த்திக் கல்லு என்று சொன்னால் அது ரத்தினக்கல் மட்டும்தான். கல்லு தோண்டினான், கல்லு வித்தான், கல்லால எழும்பிட்டான் என்று அந்த ஒரு வார்த்தைக்கு இங்கே தனி வாழ்க்கையே உண்டு. நான் குரலைத் தாழ்த்தியது துப்பாக்கிக்காக. அவர் கேட்டதோ கல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் லயத்து முன்னால் வந்து நின்றது. நானா வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பின்னாலேயே இன்னொருவர், விரல் நிறைய மோதிரங்களோடு. லயத்துச் சனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா துப்பாக்கியைக் கொண்டுவந்து பாயின் மேல் வைத்தாள். மோதிரக்காரர் குழலைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன டோர்ச்சை எடுத்து, கண்ணில் ஒரு கண்ணாடியைச் செருகிக்கொண்டு, குதிரையின் வாயில் இருந்த அந்தக் கல்லைக் குனிந்து பார்த்தார். வெளிச்சத்தை இந்தப் பக்கம் அடித்தார், அந்தப் பக்கம் அடித்தார். விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

"என்னாடி பாக்கிறாரு?" என்று அக்கா என் காதில் கேட்டாள்.

"தெரியல. பெரிய கெட்டிக்காரர் போல."

அவர் கண்ணாடியைக் கழற்றி நானாவைப் பார்த்தார். "இது கல்லு இல்லையே."

"கல்லுதானே?" என்றேன் நான். "சுரண்டிப் பாருங்க."

"கல்லுதான் தங்கச்சி. ஆனா கல்லு இல்ல."

கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் இப்படியே கல்லுதான், இல்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நானாவுக்குத்தான் முதலில் விஷயம் விளங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டு திண்டாடிப் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லயத்துச் சனத்துக்கும் முடியவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"பாத்தியா? வந்தவங்களுக்கும் இதுல ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுத் துணியைச் சுற்றி உள்ளே எடுத்துப் போனாள். கதவை அவள் சாத்திய விதத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. என் ஆர்வத்துக்கு அவளை இழுத்துவிட்டோமே என்று உண்மையாகவே சங்கடமாக இருந்தது.

நானா ரோஷக்காரர். தன்னால் வந்த வெட்கத்தைத் தானே துடைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். மாத முடிவு நெருங்கும்போது ஃபார்மசிக்கு வந்து, "மக, இந்த முறை சரியான ஆளு. எங்கிட்ட ஆணி வாங்குற சிங்கள மாத்தயா. பண்டாரவளையில ஈக்கிறாரு. மெய்யாவே துவக்குப் பைத்தியம். கல்லப்பத்தி நான் ஒரு வார்த்த செல்லல்ல," என்றார்.

அந்த மாத்தயா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். உயரமானவர். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினார். வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். துப்பாக்கியைக் கையில் வாங்கும் முன்பே துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. குழலுக்குள் ஒன்றும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து தோளில் வைத்தார். வைத்தவர் உடனே இறக்கிவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி இறக்கினார்.

"இது எனக்குச் சரி வராது," என்றார்.

அக்காவின் முகம் இருண்டது. "சொன்னேன்ல," என்றாள் என்னிடம்.

"இல்லை அம்மா. சாமான் நல்லம். மிகவும் நல்லம். ஆனா எனக்கு வராது." அவர் எங்களைக் கிட்ட வரச் சொன்னார். "பாருங்க. குதிரை, கல்லு, மருந்து வைக்கிற சின்னக் கிண்ணம், எல்லாம் எந்தப் பக்கம்?"

பார்த்தோம். இடது பக்கம்.

"எல்லாத் துவக்கிலும் வலது பக்கம். இதில மட்டும் இந்தப் பக்கம். ஏன்? நெருப்பு முகத்துக்கு வரக்கூடாது. சுடுற ஆள் இடது தோளில வச்சுச் சுடுற ஆள்." அடிக்கட்டையின் வலப் பக்கத்தில் வழவழவென்று இருந்த ஒரு மேட்டைத் தடவிக் காட்டினார். "இது கன்னம் வைக்கிற இடம். இதுவும் மாத்தி. அம்மா, இதைச் செஞ்ச துரை என்ன கை?"

"சோத்தாங்கைதான். காலைப் பெரட்டுல ஆள் கணக்குக்குக் கையெழுத்துப் போடுறத நானே பாத்திருக்கேன்," என்றாள் அக்கா.

"உங்க மஹத்தயா? வீட்டுக்காரர்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான்தான் சொன்னேன். அத்தான் பீச்சாங்கைக்காரர். சாப்பிடுவதும் சாமி கும்பிடுவதும் வலது கையால்தான். சின்ன வயதில் அடித்து அடித்துப் பழக்கியிருந்தார்கள். நல்லது கெட்டதுக்கு நாலு பேர் முன்னால் இடது கையை மடியிலேயே வைத்துக்கொள்வார். ஆனால் சுத்தியல் பிடித்தால், அரம் பிடித்தால், இரும்பறுக்கும் வாள் பிடித்தால் அந்தக் கைதான். பெக்டரிக்குள்ளும் அந்தக் கராஜுக்குள்ளும் மட்டும்தான் அது வெளியே வரும்.

மாத்தயா தலையாட்டினார். அடிக்கட்டையைத் தன் முழங்கை மடிப்பில் பொருத்தி, விரலை விசையை நோக்கி நீட்டினார். விரல் விசையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

"கை நீளம் இல்லாத ஆள். துரை உயரமா?"

"நெட்டையரு. கதவுல தலை இடிக்கும்."

"இவர்?"

அக்கா தன் காதுக்கு நேரே கையை வைத்துக் காட்டினாள். அத்தான் அவளை விடக் குள்ளம். கல்யாணத்தன்று நாங்கள் செய்த கேலி கொஞ்சமா?

"அப்போ துரைக்கு இது உதவாது," என்றார் மாத்தயா. "ஒரு நாளும் உதவாது. தனக்குச் செஞ்சதைக் கழிச்சுக் குடுக்கல்ல. ஆளைப் பக்கத்தில நிக்க வச்சு, கை அளந்து, கன்னம் அளந்து, அவருக்குன்னே செஞ்சது. நான் செஞ்சா ஒரு வருசம் போகும்."

குசினியில் தண்ணீர் கொதித்துப் பொங்கும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை. இத்தனை வருடம் வைத்திருந்த சந்தேகத்துக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மாத்தயா எங்களுக்காகக் குதிரையைப் பின்னால் இழுத்து, வெறுமனே விசையைத் தட்டிக் காட்டினார். மங்கலான அந்த அறைக்குள் கல் இரும்பில் உரசி ஒரு கொத்துப் பொறி பறந்தது. அதை அத்தான் ஒரு தரமாவது எங்களுக்குச் செய்து காட்டியிருக்கலாம். நாங்கள் கேட்டிருந்தால் செய்திருப்பார்.

அக்கா துப்பாக்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கன்னம் வைக்கிற மேட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதில் ஓரிடம் மட்டும், கன்னம் பட்டுப் பட்டு, கறுத்துப் பளபளத்தது.

"இத நான் விக்கலேன்னா?" என்று கேட்டாள்.

நான் பொலிஸ் ஐயா சொன்னதை ஞாபகப்படுத்தினேன். வைத்துக்கொள்ள வழியில்லை. விற்காவிட்டால் அழித்துவிடுவார்கள். சில நாட்களுக்கு முன்னால் உருக்கட்டும் என்றவள், இப்போது அந்த வார்த்தையைக் கேட்டதும் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு பச்சைப் பிள்ளையைப் பிடுங்க வந்தது மாதிரி என்னைப் பார்த்தாள்.

மாத்தயா துப்பாக்கியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நான் எடுக்கிறேன்," என்றார் கடைசியில். "எனக்கு வராது. ஆனா இது உருகக்கூடாது."

"யாருக்குக் குடுப்பீங்க?"

"சுடுற ஆக்கள் இருக்கு. தேடணும்."

"பீச்சாங்கைக்காரருக்குத்தான் குடுக்கணும்," என்றாள் அக்கா. "சும்மா சுவத்துல மாட்டி வைக்கிறவனுக்குக் குடுக்கக் கூடாது. பன்றி அடிக்கிறவனுக்கும் குடுக்கக் கூடாது. அவரு கடதாசியச் சுடத்தான் இது. சரின்னா எடுத்துக்கங்க."

சரி என்றார். அவர் சொன்ன விலையை அக்கா காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. அந்தப் பேச்சை நானும் நானாவும் முடித்தோம்.

அடுத்த நாள் ஸ்டேஷனில் எழுத்து வேலை நடந்தது. அதே ஐயாதான். பழைய துப்பாக்கி, கையால் செய்தது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அக்கா மேசைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.

"இடது கைத் துப்பாக்கின்னு எழுதிட்டாரான்னு கேளு."

"அதெல்லாம் எழுத மாட்டாங்க அக்கா."

"கேளுடி."

கேட்டேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, அது தேவையில்லை என்றார். அக்கா என்னைத் தள்ளிவிட்டுத் தானே சிங்களத்தில் ஆரம்பித்தாள். என் புருஷன் பெக்டரி ஃபிட்டர். இடது கைக்காரர். துரை அவருக்கு அளவெடுத்துச் செய்தார். வேறு யாருக்கும் இது சரி வராது, இந்த மாத்தயாவுக்கே வரவில்லை. எழுதுங்கள். மாத்தயா பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா ஒரு வரியைச் சேர்த்து எழுதினார். என்ன எழுதினாரோ, அக்காவுக்கு நிம்மதி.

துப்பாக்கி மாத்தயாவின் ஜீப்பில் போனது. நாங்கள் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அத்தான் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அத்தனை வருடம் அவள் வாய்க்கு வந்தபடி பேசியபோது, இது எனக்குன்னு செஞ்சதுடி என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே. பீச்சாங்கை என்ற வெட்கமா? பஸ் மேட்டில் முக்கிக்கொண்டு ஏறும்போது பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, அத்தான் உங்கிட்ட சொல்லவே இல்லையா?"

அக்கா ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் பங்களாவுலருந்து வந்து வாசல்ல நின்னாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. 'இங்க பாரு புள்ள, இது வந்து'ன்னு ஆரம்பிச்சாரு."

"அப்புறம்?"

சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நாங்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூட எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"அதுக்கு மேல நான்தான் சொல்ல விடலடி," என்றாள்.